கன்ஸ்மோக்: இருபது ஆண்டுத் தொடரைப் பன்னிரண்டு சனிக்கிழமைகளில் பார்ப்பது எப்படி

‘கன்ஸ்மோக்’ என்னும் அமெரிக்க கௌபாய்த் தொடர் 1955 செப்டம்பர் 10 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 1975 மார்ச் 31 அன்று முடிந்தது. இருபது பருவங்களில் 635 பகுதிகள் வந்தன. அவற்றுள் 233 அரை மணி நேரப் பகுதிகள், 402 ஒரு மணி நேரப் பகுதிகள். விளம்பரங்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 430 மணி நேரம் வரும். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால்கூட ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால், முதல் பகுதியில் தொடங்கி வரிசையாகப் பார்த்து முடிக்கலாம் என்று எண்ணுபவர்கள் பாதி வழியிலேயே நின்றுவிடுவார்கள். எங்கள் வட்டத்திலும் முதல் முயற்சி அப்படித்தான் நின்றது. இரண்டாம் முறை, காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில், பழைய வீடு ஒன்றின் வளவில் பன்னிரண்டு சனிக்கிழமை மாலைகளை வகுத்துக்கொண்டு பார்த்தோம். அந்த அனுபவத்திலிருந்து, இத்தொடரின் வரலாற்றை அறிந்துகொள்ள விரும்பும் நம் ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கதையின் போக்கைப் பின்தொடர்ந்து இத்தொடரின் வரலாற்றைக் கண்டுவிட முடியாது, ஏனெனில் தொடர்ந்து செல்லும் ஒரே கதை இதில் இல்லை. ஒவ்வொரு பகுதியும் தனிக்கதை. தொடரின் வடிவம் எங்கெங்கே மாறியது என்பதைப் பின்தொடர வேண்டும். வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்தது, அரை மணி ஒரு மணியானது, கறுப்பு வெள்ளை வண்ணமானது, நிறுத்தப்பட்டு மீண்டது ஆகிய நான்கு திருப்பங்களையும் பிடித்துக்கொண்டால், நாற்பது பகுதிகளுக்குள் இருபது ஆண்டுகள் விளங்கிவிடும்.

திரையிடத் தொடங்குமுன்

ஒரு பேரேடு வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டுவிற்கப் போன ஊர்களிலிருந்து கணக்கெழுதி ஐந்தொகை கட்டி அனுப்பிய மரபு நம்முடையது. ஒரு தொடரின் இருபது ஆண்டுக் கணக்கை எழுதி வைப்பது நமக்குக் கடினமாக இராது. பகுதியின் பெயர், ஒளிபரப்பான நாள், நீளம், நிறம், எழுதியவர் பெயர் ஆகியவற்றுக்கு முதல் ஐந்து பத்திகளை ஒதுக்குங்கள். ஆறாம் பத்தியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதையும், ஏழாம் பத்தியில் துப்பாக்கியைப் பயன்படுத்திய பிறகு நாயகன் எப்படி நடந்துகொண்டான் என்பதையும் குறியுங்கள். கடைசிப் பத்தி எங்கள் வட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் சேர்த்தது. பேரேட்டிலேயே பயன் மிகுந்த பத்தியாக அதுவே அமைந்தது.

திரையைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர் கண்ணாடிபோல் மின்னும். அதில் நேரடியாக ஒளியைப் பாய்ச்சினால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு தோன்றிக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கெடுத்துவிடும். தடித்த வெள்ளைப் போர்வை ஒன்றைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டினால் போதும். முற்றம் திறந்திருப்பதால் இருட்டிய பின்னரே தொடங்க இயலும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. உயர்ந்த கூரையும் கல் தூண்களும் குரலை எதிரொலிக்கச் செய்யும் என்பதால் ஒலிபெருக்கியைத் திரைக்கு அடியில் வைக்காமல், பார்வையாளர்களுக்கு அருகில், தாழ வையுங்கள். இன்றைய கருவிகள் பழைய படத்தைத் தாமாகவே அகலமாக இழுத்துக் காட்டும். இத்தொடர் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டது. அமைப்பில் அதையே தேர்ந்தெடுங்கள். இரு பக்கமும் கறுப்பாக இருப்பது குறையன்று; இழுத்துக் காட்டினால் குதிரைகளெல்லாம் குட்டையாகத் தெரியும்.

இருபது பருவங்களும் டிவிடி வட்டுகளாக வெளிவந்துள்ளன. ஆங்கில எழுத்துகளை வாசிக்க முடியாதவர்களுக்காக ஒருவர் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் மூன்று நிமிடம் கதைச்சூழலைச் சொல்லட்டும்; படம் ஓடும்போது யாரும் விளக்கம் சொல்லக் கூடாது. சில சொற்களை முதல் நாளே தெளிவுபடுத்திவிட வேண்டும். ‘சலூன்’ என்பது நமக்கு முடிதிருத்தும் கடை. கதையிலோ அது மதுக்கடை, சூதாட்டக்கூடம், ஊர்ச்சாவடி மூன்றும் சேர்ந்த இடம். ‘மார்ஷல்’ இரு வகை: ஊர் நியமித்த மார்ஷல் வேறு, மைய அரசு நியமித்த மார்ஷல் வேறு. நம் நாயகன் மாட் டில்லன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். அதனால்தான் ஊருக்கு வெளியே பல நாள் பயணமாகக் குற்றவாளிகளைத் தேடிச் செல்கிறான்.

கதை நிகழும் டாட்ஜ் சிட்டி கான்சஸ் மாநிலத்தில் உண்மையாகவே உள்ள ஊர். 1872இல் உருவான அவ்வூருக்கு அதே ஆண்டில் சான்டா ஃபே ரயில் பாதை வந்தது. முதலில் காட்டெருமைத் தோல் வணிகமும், பின்னர் டெக்சாஸிலிருந்து ஓட்டி வரப்பட்ட மாட்டு மந்தைகளும் ஊரை வளர்த்தன. மாடுகள் அங்கே ரயிலேற்றப்பட்டு இறைச்சிக்காகக் கிழக்கே அனுப்பப்பட்டன. டெக்சாஸ் மாடுகள் உண்ணி வழியே பரப்பிய காய்ச்சல் கான்சஸ் மாடுகளை அழித்ததால், மாநிலம் படிப்படியாகத் தடை விதித்து, 1885இல் முழுவதுமாக வாசலை மூடியது. டாட்ஜின் மாட்டு வணிகம் அத்துடன் ஓய்ந்தது. சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மாட்டையும் மனிதனையும் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான மாடுகளை எண்ணிக்கையாக மட்டுமே கண்ட ஒரு வணிகத்தை அவர்களுக்கு விளக்கத்தான் வேண்டும். மந்தையை ஓட்டி வந்த இளைஞர்கள் பல வாரச் சம்பளத்துடன் ஊருக்குள் நுழைவார்கள். பெரும்பாலான கதைகளின் முதல் பொறி அங்கிருந்தே கிளம்புகிறது.

முதல் மாலை: விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

தொலைக்காட்சியிலிருந்து தொடங்காதீர்கள். ‘கன்ஸ்மோக்’ 1952 ஏப்ரல் 26 அன்று வானொலி நாடகமாகப் பிறந்தது; 1961 வரை, தொலைக்காட்சித் தொடருக்கு இணையாகவே ஒலித்தது. அதை உருவாக்கியவர்கள் தயாரிப்பாளர் நார்மன் மெக்டோனல், எழுத்தாளர் ஜான் மெஸ்டன் ஆகிய இருவர். அதுவரை வானொலியில் வந்த கௌபாய்க் கதைகள் பெரும்பாலும் சிறுவர்களுக்கானவை. இவர்கள் பெரியவர்களுக்காக எழுதினார்கள். நாயகன் தோற்றான், நல்லவர்கள் காரணமின்றி இறந்தார்கள், சில கதைகள் எந்த ஆறுதலும் தராமல் முடிந்தன.

வானொலியில் டில்லனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். அவருடைய கனத்த, களைத்த குரலைக் கேட்ட பிறகு எங்கள் வளவில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மரநடையில் நடக்கும் பூட்ஸ் ஒலி, குதிமுள்ளின் சலங்கை, தொலைவில் நாய் குரைப்பது என ஒலிக்கலைஞர்கள் ஓர் ஊரையே கட்டியெழுப்பியிருக்கிறார்கள். இரண்டு வானொலிப் பகுதிகளை இருட்டில் கேட்டுவிட்டு, மூன்றாவதாகத் தொலைக்காட்சியின் முதல் பகுதியைப் பாருங்கள். தொலைக்காட்சிக்கு மாறியபோது வானொலி நடிகர்கள் ஒருவர்கூட அந்தந்த வேடத்தில் தொடரவில்லை. கான்ராடின் குரலுக்கு இருந்த கம்பீரம் அவருடைய பருத்த உடலுக்கு இருக்காது என்று முடிவு செய்யப்பட்டது. எனக்கு இந்த முடிவில் இன்றும் வருத்தம் உண்டு. ஆயினும் அதனால்தான் ஜேம்ஸ் ஆர்னெஸ் நமக்குக் கிடைத்தார்.

ஆர்னெஸ் ஆறடி ஏழு அங்குல உயரம் கொண்டவர். இரண்டாம் உலகப் போரில், 1944இல், இத்தாலியின் அன்சியோ போர்முனையில் வலது காலில் குண்டு பாய்ந்து படுகாயம் அடைந்தவர். அந்தக் கால் வாழ்நாள் முழுதும் அவருக்குத் தொல்லை தந்தது. இதைப் பேரேட்டின் முதல் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

முதல் தொலைக்காட்சிப் பகுதிக்கு முன்னால் நடிகர் ஜான் வெய்ன் தோன்றி, புதிய நாயகனை அறிமுகப்படுத்துகிறார். அடுத்த சில நிமிடங்களில் அந்தப் புதிய நாயகன் தன்னைவிட வேகமான ஒருவனால் சுடப்பட்டு வீழ்கிறான். ஒரு தொடரின் முதல் நாளிலேயே நாயகனைத் தோற்கடிக்கத் துணிந்த அந்த முடிவில், அடுத்த இருபது ஆண்டுகளின் நேர்மை அடங்கியிருக்கிறது என்பேன். பிழைத்தெழும் டில்லன் கை வேகத்தை நம்பாமல் எதிரியைக் கூர்ந்து கவனித்து, அவன் எங்கே பலவீனன் என்று கண்டுகொள்கிறான்.

இரண்டு முதல் ஐந்து வரை: அரை மணிக் கதைகள்

நான்கு மாலைகளை இதற்கென ஒதுக்குங்கள்; மாலைக்கு மூன்று பகுதிகள். நேரம் குறைந்தால் வேறெங்கு வேண்டுமானாலும் சுருக்குங்கள், இங்கே சுருக்காதீர்கள். 1955 முதல் 1961 வரையிலான இந்த ஆறு பருவங்களே தொடரின் உச்சம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பருவத்துக்கு 39 பகுதிகள் வரை எடுத்த காலம் அது. ஆண்டில் பெரும்பகுதியும் வாரந்தோறும் ஒரு புதிய கதை வர வேண்டும். அந்த அவசரத்திலும் தரம் குலையாததற்குக் காரணம், வானொலிக்காக மெஸ்டன் எழுதிக் குவித்திருந்த கதைகள். ஒருமுறை காதால் சோதிக்கப்பட்ட கதைகளே கண்ணுக்கு வந்தன. பின்னாளில் பெரிய இயக்குநராகப் பெயர்பெற்ற சாம் பெக்கின்பா, மெஸ்டனின் வானொலிக் கதைகளைத் தொலைக்காட்சிக்கு மாற்றி எழுதித் தொழில் பழகியதும் இங்கேதான்.

இக்காலப் பகுதிகள் பலவும் ‘பூட் ஹில்’ என்ற இடுகாட்டில் டில்லன் தனியே நடந்தபடி பேசுவதுடன் தொடங்குகின்றன. அவன் பேசும் ஓரிரு வாக்கியங்களைத் தவறவிடாதீர்கள். பேரேட்டின் ஏழாம் பத்திக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

கட்டாயம் பார்க்க வேண்டியது 1957 பிப்ரவரியில் வந்த ‘பிளடி ஹேண்ட்ஸ்’. ஒரு கும்பலைப் பிடிக்கும் முயற்சியில் பலரைக் கொல்ல நேர்ந்த டில்லன், தன் கைகளையே வெறுத்துப் பதவி விலகுகிறான். விலகிய பிறகு அவன் முகத்தில் தெரியும் நிம்மதியையும், மீண்டும் துப்பாக்கியைக் கட்டிக்கொள்ள வேண்டிய நிலை வரும்போது அந்த நிம்மதி வடிவதையும் ஆர்னெஸ் அதிகம் பேசாமலே காட்டுகிறார். இப்பகுதிக்குப் பிறகு இடைவேளை விடுங்கள். எங்கள் வட்டத்தில் கந்தரப்பமும் தேநீரும் ஆறிக்கொண்டிருக்க, கொலைத்தொழில் செய்யும் அரசு ஊழியனுக்கு மனசாட்சி இருக்கலாமா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது.

டென்னிஸ் வீவர் நடித்த செஸ்டர் ஒரு காலை மடக்க முடியாமல் விந்தி நடப்பவன். அந்த நடையுடனேயே ஒன்பது ஆண்டுகள் நடித்து, 1959இல் எம்மி விருதும் பெற்றார். மில்பர்ன் ஸ்டோன் டாக்டராகவும், அமாண்டா பிளேக் மதுக்கடை நடத்தும் கிட்டியாகவும் வருகிறார்கள். வானொலியில் கிட்டியின் தொழில் என்னவென்று கேட்பவர்கள் தாமே புரிந்துகொள்ளும்படி விடப்பட்டிருந்தது. தொலைக்காட்சி அதை மென்மையாக்கி, அவளைக் கடையின் பங்குதாரர் ஆக்கியது. குடும்பங்கள் கூடிப் பார்க்கும் பெட்டிக்காகச் செய்யப்பட்ட அந்த மாற்றத்தையும் பேரேட்டில் எழுதுங்கள்.

நான்காம் மாலையில் எண்பது வயதைக் கடந்த ஓர் ஆச்சி கேட்டார்கள்: “ஏந்தம்பி, இத்தனை வருசமா அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கே, அந்த மனுசன் ஏன் கட்டிக்கவே மாட்டேங்குறாரு?” அமெரிக்கப் பார்வையாளர்களும் இருபது ஆண்டுகள் இதையே கேட்டார்கள். என்றைக்கு வேண்டுமானாலும் சாகக்கூடிய தொழிலில் இருப்பவன் மணம் முடிக்கக் கூடாது என்பது டில்லனின் எண்ணம் என்றேன். ஆச்சி சற்று யோசித்துவிட்டு, “எங்க அப்பச்சி மூணு வருசக் கணக்குக்குப் பர்மாவுக்குப் போவாக. திரும்பி வருவாகளான்னு யாருக்குத் தெரியும்? அதுக்காகக் கட்டிக்காமயா இருந்தாக?” என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. கிட்டியின் காத்திருப்பை அதன் பிறகு நாங்கள் அனைவரும் வேறு கண்ணால் பார்த்தோம்.

இதே கட்டத்தில் இறந்தோர் பத்தியைக் கூட்டிப் பாருங்கள். வரலாற்றாசிரியர் ராபர்ட் டிக்ஸ்ட்ராவின் கணக்குப்படி, உண்மையான டாட்ஜ் சிட்டியில் 1876 முதல் 1885 வரையிலான பத்தாண்டுகளில் நடந்த கொலைகள் 15. எங்கள் பேரேட்டில் நான்காம் மாலை முடிவதற்குள் அந்த எண்ணிக்கை கடந்துவிட்டது. உண்மையில் டாட்ஜ் நகர நிர்வாகம் ரயில் பாதைக்கு வடக்கே துப்பாக்கி ஏந்தக் கூடாது என்று விதி போட்டிருந்தது; மந்தைக்காரர்களின் பணமும் வேண்டும், ஊரும் அமைதியாக இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்த வணிகர்களின் ஊர் அது. திரையில் காணும் குன்றுகளும் கலிபோர்னியாவுக்கு உரியவை, கான்சஸ் சமவெளி. இதைக் கேட்டு ஏமாற்றமடையும் இளைஞர்களுக்கு நம் ஊர்க் கதையைச் சொல்லுங்கள்: போர்க்காலத்தில் ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடி தேவகோட்டைச் சாலையில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தியபோது, 1947இல் வெளியான ‘நாம் இருவர்’ போன்ற படங்களின் உலகம் முழுவதும் அந்தக் கொட்டகைக்குள்தான் கட்டப்பட்டது.

ஆறு முதல் எட்டு வரை: ஒரு மணியின் வரவும் இழப்பும்

1957 முதல் 1961 வரை நான்கு பருவங்கள் அமெரிக்காவின் முதலிடத் தொடராக இருந்த ‘கன்ஸ்மோக்’, 1961இல் ஒரு மணி நேரமாக நீண்டது. பழைய அரை மணிப் பகுதிகளோ ‘மார்ஷல் டில்லன்’ என்ற பெயரில் வேறொரு நாளில் மறுஒளிபரப்பாயின. நீளம் கூடியதால் வெளியிலிருந்து வரும் ஒரு மனிதரின் வாழ்க்கையை விரிவாகச் சொல்ல இடம் கிடைத்தது. ஆனால் அரை மணிக் கதையின் இறுக்கம் தளர்ந்தது. இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

1962 மார்ச்சில் வந்த ‘தி கேலோஸ்’ அந்த நீளத்துக்கு நியாயம் செய்கிறது. தூக்குத் தண்டனை பெற்ற ஓர் இளைஞனை டில்லன் அழைத்துச் செல்கிறான். வழியில் டில்லன் காயப்பட, தப்பி ஓடியிருக்கக்கூடிய அந்த இளைஞன் உடனிருந்து உயிரைக் காக்கிறான். சட்டம் சட்டமாகவே இருக்கிறது; டில்லன் அவனைத் தூக்குமேடையில் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. கோப்பெருந்தேவி இழந்த சிலம்பும் கண்ணகி உடைத்த சிலம்பும் தெரிந்த நம் வாசகர்களுக்கு, அரசநீதி தவறும் கணத்தின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆண்டுகளில் முகங்களும் மாறுகின்றன. பர்ட் ரெனால்ட்ஸ் 1962 முதல் 1965 வரை கொல்லனாக வருகிறார். 1964இல் வீவர் விலக, கென் கர்டிஸ் நடித்த ஃபெஸ்டஸ் அவர் இடத்தை நிரப்புகிறான். எனக்குச் செஸ்டரே நெருக்கமானவன். சிறுவர்கள் ஒருமனதாக ஃபெஸ்டஸ் பக்கம் சாய்ந்தார்கள்.

ஒன்பது முதல் பதினொன்று வரை

1966இல் வண்ணம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பெட் டேவிஸ் வில்லியாக நடித்த ‘தி ஜெய்லர்’ பகுதியுடன் தொடங்குங்கள். அடுத்த ஆண்டே தொடர் நிறுத்தப்பட இருந்தது. பார்வையாளர் எண்ணிக்கை சரிந்திருந்த நிலையில், சிபிஎஸ் தலைவர் வில்லியம் பேலி தலையிட்டு முடிவை மாற்றினார். இடம் கொடுப்பதற்காக ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ என்ற நகைச்சுவைத் தொடர் கைவிடப்பட்டது. சனிக்கிழமை இரவிலிருந்து திங்கள் மாலைக்கு மாற்றப்பட்ட ‘கன்ஸ்மோக்’, அந்தப் பருவத்திலேயே நான்காம் இடத்துக்கு ஏறியது. இதற்குப் பின் வந்த பகுதிகளில் இறந்தோர் பத்தி குறைவதைக் காண்பீர்கள்: 1968ஆம் ஆண்டின் அரசியல் படுகொலைகளுக்குப் பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வன்முறைக்கு எதிர்ப்பு வலுத்தது, தொடக்கத்தில் இடம்பெற்ற துப்பாக்கிச் சண்டைக்குப் பதிலாகப் பிற்காலத்தில் டில்லன் குதிரையில் விரையும் காட்சி வைக்கப்பட்டது.

1972 டிசம்பரில் வந்த ‘ஹோஸ்டேஜ்’ பகுதியை ‘பிளடி ஹேண்ட்ஸ்’ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். கிட்டியைக் கடத்திச் சுட்டவனைத் தேடி டில்லன் மார்ஷல் சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் புறப்படுகிறான். முன்பு கொல்லக் கூடாது என்பதற்காகக் கழற்றியவன், இப்போது கொல்வதற்காகக் கழற்றுகிறான்.

பன்னிரண்டாம் மாலை

அமாண்டா பிளேக் பத்தொன்பதாம் பருவத்துடன் விலகிவிட்டார். இறுதிவரை இருபது ஆண்டுகளும் நின்றவர்கள் ஆர்னெஸும் மில்பர்ன் ஸ்டோனும்தான். கடைசியாக ஒளிபரப்பான ‘தி ஷேர்க்ராப்பர்ஸ்’ ஃபெஸ்டஸை மையமாகக் கொண்ட ஒரு சாதாரணக் கதை. தொடர் முடியப்போகிறது என்று எடுத்தவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் தெரியாது. விடைபெறும் காட்சி எதுவும் எடுக்கப்படவில்லை. ஆகவே பார்வையாளர்களிடமும் இதுதான் கடைசி என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். 1987 முதல் 1994 வரை ஆர்னெஸ் நடித்த ஐந்து தொலைக்காட்சிப் படங்கள் வந்தன. அவற்றை விரும்பியவர்கள் தனியே பார்த்துக்கொள்ளலாம்.

அவற்றுக்குப் பதிலாக, ‘தி ஷேர்க்ராப்பர்ஸ்’ முடிந்ததும் விளக்கைப் போடாமல், 1955ஆம் ஆண்டின் முதல் பகுதியை மறுபடியும் ஓடவிடுங்கள். முப்பத்திரண்டு வயது ஆர்னெஸ் இடுகாட்டில் நடந்து வருவார். சற்று முன்பு பார்த்தவருக்கு ஐம்பத்தொரு வயது. பேரேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டி, இரண்டு நடையிலும் அவருடைய வலது காலை மட்டும் உற்றுப் பாருங்கள்.